யப்பானியப் போர்க்கலையும் மலைநாட்டுச் சிலம்பமும்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய மலைநாட்டு நகரங்களில், விடுமுறை நாட்களின் காலை வேளையில் பேருந்திலிருந்து இறங்கும் தோட்டத்துப் பிள்ளைகளுட் சிலர், தளர்ந்த வெள்ளைச் சட்டையும் இடுப்பிலே ஒரு வண்ணப் பட்டியும் அணிந்திருப்பதைக் காணலாம். அவர்கள் கராத்தே பயிலச் செல்பவர்கள். மண்டபத்திலே வரிசையாக நின்று, ‘இச்சி, நி, சான்’ என்று யப்பானிய மொழியில் எண்ணிக் கையை நீட்டியும் மடக்கியும் பழகுகின்றனர். அதே பிள்ளைகள் தம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே, தேருக்கு முன்பாக ஒரு முதியவர் கம்பெடுத்துச் சுழற்றும்போது சூழ நின்று கைதட்டி மகிழ்வர். ஆயின், அக்கம்பைக் கையில் வாங்கி ஒரு வீச்சு வீசத் தெரிந்தவர் அவருள் அரியர்.

பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தீவொன்றின் கலைக்குச் சீருடையும் வகுப்பும் தேர்வும் சான்றிதழும் இருக்க, லயத்து வாசலிலே விளையாடப்பட்ட கலைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லாமற்போனது ஏன்? அந்நிய மோகம் என்று ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிடுவாரும் உண்டு. அது சோம்பலான விடை. யப்பானியர் தம் கலைகளை அயலார்க்குக் கற்பிக்க எவ்வாறு ஆயத்தப்படுத்தினர் என்பதை அறிந்தால் வேறொரு விடை தோன்றும்.

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவுக்குத் தென்கிழக்கே, சிபா மாகாணத்தின் பசிபிக் கரையில், கட்சுரா என்னும் மீன்பிடி ஊர் ஒன்று உளது. பல நூற்றாண்டுப் பழமையுடைய காலைச் சந்தைக்குப் பேர்பெற்ற ஊர் அது. போர்க்கலைகளுக்கென்றே 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமொன்றும் அங்கே இருக்கிறது. தோக்கியோவிலுள்ள நிப்பொன் புடோக்கான் என்னும் பெருமண்டபத்தை நடத்தும் நிறுவனம், அவ்வூரிலே தனக்குரிய பயிற்சி நிலையத்தில், யப்பானிற் குடியிருந்து அந்நாட்டுப் போர்க்கலைகளைப் பயிலும் பிறநாட்டாருக்காக ஒரு கருத்தரங்கை 1989இல் தொடங்கியது. சில நாட்கள் அங்கேயே உண்டு, உறங்கி, விரிவுரை கேட்டு, பயின்று திரும்புவது அதன் முறை.

அங்கே இடம்பெறும் கலைகள் ஒன்பது. யூடோ, கெண்டோ என்னும் வாட்பயிற்சி, கியூடோ என்னும் வில்வித்தை, சூமோ மல்யுத்தம், கராத்தே, ஐக்கிடோ, ஷோரிஞ்சி கெம்போ, நீண்ட காம்பிலே வளைந்த அலகு பொருத்திய நகினாத்தா, துப்பாக்கி முனைக்கத்திப் பயிற்சியாகிய ஜூக்கெண்டோ என்பன அவை. இவ்வொன்பதற்கும் உரிய சங்கங்கள் 1977இல் ஒரே பேரவையாக இணைந்தன. கருத்தரங்குக்கு வருபவர் தமக்குரிய கலையிலே மூத்த ஆசிரியரிடம் பாடம் கேட்பர். அதனோடு தாம் அறியாத வேறொரு கலையிலும் இறங்கிப் பழகவேண்டும். இவ்வேற்பாட்டிலேதான் நுட்பம் இருக்கிறது. பத்தாண்டு வாள் பிடித்து நான்காம் படி பெற்ற ஒருவர், வில்லைக் கையிலெடுத்தவுடன் ஒன்றும் அறியாத குழந்தையாகிவிடுகிறார். நாணைப் பற்றும் விரல் வழுக்குகிறது. தோள் தானே உயர்கிறது. தம்முடைய மாணவர் தம் முன்னே படும் பாடு எத்தகையது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வருகிறது.

பயிற்சிக்கூடத்திற் காலணியுடன் எவரும் நுழைவதில்லை. நுழையும்போது தலைவணக்கம், எதிராளியின் முன் தலைவணக்கம், முடிவிலும் தலைவணக்கம். பல கூடங்களில் மாணவரே ஈரத்துணி கொண்டு தரையைத் துடைப்பர். ஐரோப்பியர் சிலருக்கு இவை வியப்பாகவும் சிலருக்கு உறுத்தலாகவும் இருப்பதுண்டு. தமிழர்க்கு அப்படியன்று. செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்திலிறங்கி, மண்ணைத் தொட்டுக் கண்ணிலொற்றி, கம்பைத் தாழ்த்திச் சலாம் வரிசை எடுத்த பின்னரே ஆட்டத்தைத் தொடங்குவது சிலம்பத்தின் மரபு. பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் ‘டோஜோ’ என்ற சொல்லுங்கூட, புத்தர்பிரான் ஞானம் பெற்ற இடமாகிய போதிமண்டத்தைக் குறிக்கச் சீன பௌத்தர் வழங்கிய சொல்லிலிருந்து வந்ததே.

யூடோ, கெண்டோ, கராத்தே-டோ ஆகிய பெயர்களின் ஈற்றில் வரும் ‘டோ’ என்பதற்கு வழி, நெறி என்பது பொருள். தேயிலைத் தோட்டத்தாருக்கு ஒரு செய்தி: தேநீர் அருந்துவதையும் யப்பானியர் இதே ஈற்றுச் சொல்லால் வழங்குவர். பசுந்தேயிலைப் பொடியை வெந்நீரிற் கலக்கி, விருந்தினருக்கு ஒரு கிண்ணத்தில் அளிக்கும் சடங்குக்குச் ‘சாடோ’, அதாவது தேநீர் நெறி, என்று பெயர். ஹற்றன் மலைகளிலே நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று நிறுக்கப்படும் கொழுந்து, அங்கே வாளோடும் வில்லோடும் ஒரே வரிசையில் வைத்துப் பயிலப்படும் நெறியாக இருக்கிறது. எச்செயலையும் ஒழுங்காக வகுத்து, ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்கத்தக்கதாக ஆக்கிவிட்டால் அது நெறியாகும் என்பது அவர்கள் கொள்கை.

ஆயினும் இந்நிலை தொன்றுதொட்டு வந்ததன்று. சாமுராய் வீரர் வாள் தரித்து வெளியே செல்வது 1876இல் தடைசெய்யப்பட்டபோது, பழைய போர்முறைகள் பயனற்ற பண்டமாயின; வாளாசிரியர் பலர் பிழைப்பை இழந்தனர். ஜிகோரோ கானோ என்னும் இளைஞர், 1882இல், தோக்கியோவிலே ஒரு பௌத்த ஆலயத்தின் சிறு மண்டபத்தில், பன்னிரண்டு பாய்களை விரித்து, ஒன்பது மாணவரோடு தம் பள்ளியைத் தொடங்கினார். அவர் மல்லரல்லர், பள்ளி ஆசிரியர். பழைய மற்பிடிகளுள் ஊனம் விளைக்கக்கூடியவற்றை ஒதுக்கி, முழு வலிமையோடும் எறிந்து விழுத்திப் பழகக்கூடியவற்றைத் தொகுத்து, எறியப்பட்டவன் அடிபடாமல் விழுவதற்கும் ஒரு முறையைக் கற்பித்தார். அதுவே யூடோ. மாணவரின் தேர்ச்சிக்குப் படிகள் வகுத்து, 1883இலே முதற்படியை இருவருக்கு வழங்கினார். இன்று ஹற்றனிலே சிறுவன் ஒருவன் பட்டியின் நிறம் மாறவேண்டுமென்று ஏங்குகிறானென்றால், அந்த ஏக்கத்தின் மூலம் இந்தப் பள்ளி ஆசிரியரின் ஏட்டிலே இருக்கிறது.

இதே கலைகள் பின்னர்ப் போர்வெறியை ஊட்டும் கருவிகளாகப் பள்ளிக்கூடங்களிற் பயன்பட்டன என்பதை மறைப்பதற்கில்லை. ஆகையால், 1945இல் யப்பான் தோற்றபின், நேசநாட்டுப் படையினர் பள்ளிகளில் அவற்றைத் தடைசெய்தனர். அவற்றின் பெருஞ்சங்கமும் 1946இற் கலைக்கப்பட்டது. (இலங்கையிலும் சிங்கள மக்களின் அங்கம்பொர என்னும் போர்க்கலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியரின் தடைக்கு உட்பட்டது.) 1951 செப்ரெம்பரிலே சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், யப்பான் விடுதலை பெற்ற நாடாக வாழவேண்டுமென இலங்கையின் பிரதிநிதியாக ஜே. ஆர். ஜயவர்தன வாதாடியதைப் பலர் அறிவர். அடுத்த ஆண்டு அவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டிலே வாட்பயிற்சிக்குரிய அனைத்து யப்பான் சங்கமும் பிறந்தது. போர்க்கலைக்கு இனிப் போரில் இடமில்லை. கல்வியில் மட்டுமே இடமுண்டு என்ற நிலையில்தான் அவை மறுபடி தளிர்த்தன.

அயலாருக்கு ஒரு கலையைக் கற்பிப்பவன், அந்த அயலான் ஒருநாள் தன்னையே வெல்வான் என்பதற்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். அந்த நாள் யப்பானுக்கு விரைவிலேயே வந்தது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே யூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதற்கெனவே புடோக்கான் மண்டபம் எழுப்பப்பட்டது. ஒக்ரோபர் 23ஆந் திகதி, எடைவரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியிலே, ஒல்லாந்தராகிய அந்தோன் கேசிங்க், யப்பானியராகிய அக்கியோ கமினாகாவைத் தரையோடு தரையாக அழுத்தி வென்றார். மண்டபம் பேச்சற்றுப் போயிற்று. களிப்பு மிகுந்த ஒல்லாந்து நாட்டார் ஒருவர் களத்துக்குள் ஓடிவர முயன்றபோது, எதிராளியைப் பிடித்த பிடி தளர்ந்த அந்தக் கணத்திலேயே, கேசிங்க் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பின்னர் இருவரும் முறைப்படி வணங்கினர். பொற்பதக்கத்தை இழந்த யப்பானியர் அந்தக் கையசைவை மறக்கவில்லை. தாம் எறிதலை மட்டுமன்றி வணக்கத்தையும் சேர்த்தே கற்பித்திருந்தோம் என்பதற்கு அது சாட்சியாயிற்று.

கராத்தேயின் கதை இதனினும் மலைநாட்டாருக்கு நெருங்கியது. கராத்தே ஆதியில் யப்பானியக் கலையே அன்று. தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவுகள் ஒரு தனி இராச்சியமாக இருந்து, 1879இல் யப்பானோடு இணைக்கப்பட்டவை. அம்மக்களின் மொழியும் வழக்கமும் தலைநகரத்தாரால் நாட்டுப்புறத்தனம் என்று எள்ளப்பட்டன. அங்கே ஆசான் ஒருவர் தமக்கு நம்பிக்கையான சிலருக்கு, வீட்டு முற்றத்திலே அமைதியாகக் கற்பித்து வந்த கலை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்கோ இட்டோசு என்னும் முதிய ஆசான் அதனைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். சிறுவர் கற்கத்தக்கவாறு ஐந்து எளிய பாடங்களை வகுத்தார். மூத்தோர் சிலருக்கு அது நீர்த்த மோராகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவரிடம் கற்றவருள் ஒருவரும், தாமே பள்ளி ஆசிரியருமான கிச்சின் ஃபுனாகோஷி, 1922இல் தோக்கியோ சென்று அக்கலையைச் செய்து காட்டினார். கானோ அவரைத் தம் பள்ளிக்கு அழைத்துச் சிறப்பித்தார். வெள்ளைச் சீருடையும் படிமுறையும் கராத்தேக்கு வந்தது யூடோவிலிருந்துதான். ‘சீனக் கை’ எனப் பொருள்பட எழுதப்பட்ட பெயர், ‘வெறுங்கை’ என்று பொருள்படும் எழுத்தாக 1930களில் மாற்றப்பட்டது. இகழப்பட்ட தீவார் கலை, ஒன்பதுள் ஒன்றாக அமர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமரே இக்கலைகள் அனைத்துக்கும் மூலவர் என்று தமிழர் மேடைகளிற் பேசப்படுவதுண்டு. போதிதருமர் தென்னிந்தியர் என்ற மரபு பழையது. அவர் போர்க்கலை கற்பித்தார் என்பதோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சீன நூலை ஒட்டி எழுந்தது. வரலாற்றறிஞர் அதனை ஏற்பதில்லை. அயலார் கலைக்குத் தந்தைமை கோருவதைக் காட்டிலும், வாசலிலே கிடக்கும் கம்பை எடுத்துத் துடைப்பது மேல்.

அக்கம்பு மலைநாட்டுக்கு வந்த வழி யாவரும் அறிந்ததே. 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் 1867இல் தேயிலை பயிரிட்டபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழ்நாட்டின் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள், மூட்டை முடிச்சுக்களில் அடங்காத செல்வங்களையும் கொணர்ந்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, கும்மி, கோலாட்டம், தப்பு இவற்றோடு சிலம்பமும் வந்தது. ஏறத்தாழ ஆடுபவரின் நெற்றியளவு உயரமுள்ள மூங்கிற் கம்போ பிரம்போ அதன் கருவி. முதலிற் கம்பு கொடுக்கப்படுவதில்லை. கால்வைப்பு முறையே முதற்பாடம். பின்னர் வீச்சு, தட்டு, குத்து, தடுப்பு என்று ஏறும். எதிராளியைக் காயப்படுத்தாமல், கம்பின் நுனியால் உடலிலே பொட்டு வைத்து வெல்வது உயர்ந்த திறமை. துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், அலங்காரச் சிலம்பம் என அதிலே வகைகளும் உண்டு. மாலையிலே பெயர் போட்டு முடித்துவந்த ஒருவர், லயத்துக்கு முன்னுள்ள சமதரையில் நாலு பையன்களை நிறுத்திச் சொல்லிக்கொடுப்பதே பள்ளிக்கூடம். ஏடு கிடையாது. அவர் உடம்பே ஏடு.

உடம்பே ஏடாக இருந்தால், அந்த உடம்பு கடல் கடக்கும்போது ஏடும் உடன் போய்விடும். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. 1974இல் மேலும் 75,000 பேர் அக்கணக்கிற் சேர்க்கப்பட்டனர். ஒப்பந்தத் தொகை முழுதும் நிறைவேறவில்லையாயினும், தலைமன்னார்க் கப்பல் நின்றுபோன 1984 வரையில் பெருந்தொகையான குடும்பங்கள் தோட்டங்களை விட்டு ஏறிவிட்டன. வாத்தியார் ஒரு கரையிலும் மாணவன் மறு கரையிலுமாகப் பிரிந்த இடத்தில், கலை பாதியிலே நின்றுவிடும். சம்பளமும் குடியுரிமையும் முதலில் நின்ற அந்நாட்களிலே, போன வரிசைகளைக் கணக்கெடுக்க எவருக்கு நேரமிருந்தது?

யப்பானியர் இவ்வாபத்துக்கு ஒரு வழி கண்டனர். மலைநாட்டார் கவனிக்கத்தக்க வழி அது. கட்சுராவில் இடம்பெறும் ஒன்பதினுள் அடங்காவிடினும், கெண்டோச் சங்கத்தின் அரவணைப்பிலே ‘ஜோடோ’ என்னும் கம்பு நெறி ஒன்று உண்டு. ஏறத்தாழ 128 சென்ரிமீற்றர் நீளமுள்ள நேர்க்கம்பு கொண்டு வாளை எதிர்ப்பது அது. சிலம்பத்தைப்போல் வட்டமிட்டுச் சுழலாது. நேராகச் சென்று நேராகத் திரும்பும். அதன் மூலப்பள்ளி சில நூற்றாண்டுப் பழமையும் ஏராளமான வரிசைகளும் உடையது. அவ்வளவையும் எல்லாரும் கற்க இயலாது. ஆகவே, அதிலிருந்து பன்னிரண்டு வரிசைகளை மட்டும் தேர்ந்து, 1968இல் பொதுப்பாடமாக்கினர். எந்த ஊரில் எவரிடம் கற்றாலும் அப்பன்னிரண்டும் ஒன்றே. மேலும் கற்க விரும்புவோர் மூலப்பள்ளியைத் தேடிச் செல்வர். அது தன் பழைய முறையிலேயே நடைபெறுகிறது. பொதுப்பாடம் வாசலாயிற்று, பழம்பள்ளி வீடாக எஞ்சியது. வாளுக்கும் இவ்வாறே, பல பள்ளியாரும் கூடி, 1912இல் பத்து வரிசைகளைப் பொதுவாக்கியிருந்தனர். அவற்றை ஒப்புக்கொள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் செருக்கிற் சிறிது விட்டுக்கொடுத்திருக்கவேண்டும். ஊருக்கொரு வாத்தியாரும் வாத்தியாருக்கொரு வரிசையுமாக இருக்கும் சிலம்பத்திலே, இந்த விட்டுக்கொடுப்பு எளிதன்று.

இதற்கு விலையும் உண்டு. பொதுப்பாடம், சீருடை, புள்ளி, பதக்கம் என்று போகுங்கால், வெற்றியொன்றே குறியாகிவிடும். யப்பானியருக்கே அவ்வச்சம் எழுந்து, ஒன்பது சங்கத்தாரும் கூடி, நோக்கம், பயிற்சி, போட்டி, கூடம், கற்பித்தல், பரப்புதல் என ஆறு பிரிவுடைய ஒரு சாசனத்தை 1987இல் வெளியிட்டனர். மலைநாட்டுச் சிலம்பத்துக்கு இன்னுமொரு தனி இழப்பு நேரலாம். இங்கே கம்பு தப்பின் அடிக்கு ஏற்பச் சுழல்வது. தாளம் விரைந்தால் கால் விரையும். கராத்தே மண்டபத்தைப் பார்த்துச் சிலம்பத்தையும் எண் சொல்லிப் பழக்கத் தொடங்கினால், தப்பு வெளியே நின்றுவிடும். தப்படிப்பவரைக் குலத்தின் பெயராற் தாழ்வாக நோக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியாத இடங்களில், சிலர் அதனை ஓர் இழப்பென்றே எண்ணமாட்டார்கள். அந்த இழப்பை முதலிலே தடுக்கவேண்டும்.

கட்சுராவுக்கு வருபவர் கடல் கடந்து வந்த அயலார். மலைநாட்டுச் சிலம்பத்துக்கோ, முதல் அயலார் அத்துணைத் தொலைவில் இல்லை. அடுத்த லயத்திலே வேறொரு குலத்திற் பிறந்த பையன் ஓர் அயலான். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துச் சிறுவன் மற்றோர் அயலான். எல்லாரினும் அண்மையிலுள்ள அயலார், வாத்தியாரின் சொந்த மகள். ஆண்பிள்ளை விளையாட்டு என்று சொல்லி அவளை வேலிக்கு வெளியே நிறுத்திய காலம் நெடிது. யப்பானிலே நகினாத்தா, போர்க்களத்து ஆயுதமாக இருந்து, பின்னர்ப் பெண்களே பெரும்பாலும் பயிலும் கலையாயிற்று. கட்சுராவிலும் அது மற்றவற்றுக்குச் சமமாக நிற்கிறது. ஹற்றனின் கராத்தே வகுப்பும் பெண்பிள்ளையை உள்ளே அழைத்தது, அவளும் போனாள். அவள் அந்நிய மோகத்தாற் போகவில்லை. திறந்திருந்த கதவு அது ஒன்றே.

1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பிலே வந்துவிட்டன. கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சிய ஓராசிரியர் பள்ளிகளாக அவை இனி இல்லை. இட்டோசு தேடிய கூடம் எதுவோ அது மலைநாட்டிலே கட்டி முடிந்திருக்கிறது. ஒரு தோட்டத்திலே கம்பெடுக்கத் தெரிந்த மூவர் இருப்பின், அம்மூவருக்கும் பொதுவான கால்வைப்புக்கள் எவை, வீச்சுக்கள் எவை என்று ஒரு மாலை கூடிப் பேசினால் முதற்பாடம் எழுதப்பட்டுவிடும். அதற்குமேல் வேண்டுவன சில: பிள்ளையின் நெற்றியளவுக்கு வெட்டிய ஒரு கம்பு, மழை விட்ட நேரத்தில் இருபதடிச் சமதரை, ஓரமாக நின்று அடிக்க ஒரு தப்பு.